கோஸ்-1310

சனிக்கிழமை இரவு பதினொன்று.
மரிபோரில் திராவா ஆற்று மூடுபனி
இரண்டாம் மாடி ஜன்னல் வரை ஏறியிருக்கிறது.
யெர்னேயா வோக்ரின்
ஆறிப்போன தேநீரை விசைப்பலகையிலிருந்து தள்ளி வைக்கிறாள்.

சின்ன வேலைதான்.
வழுப்பதிவேட்டில் ஒரு திட்டம்.
ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மூன்றெழுத்து.
அதை எடுத்துவிட்டு வேறு மூன்றெழுத்து வைக்க வேண்டும்.
கோடையில் கம்பெனியை வாங்கிய கிராட்ஸ்காரர்கள்
அட்டவணை அனுப்பியிருக்கிறார்கள்.
பதினேழாம் வரிசை:
இந்தப் பக்கம் கோஸ், அந்தப் பக்கம் ஏபிடி.
காரணம் என்ற கட்டத்தில் 'ஒருமைப்பாடு.'

கோஸ் என்றால் அவர்கள் பேச்சில்
மஞ்சள் அலகுக் கருங்குருவி.
துண்டு என்றும் பொருள் உண்டு, ரொட்டித் துண்டு மாதிரி.
பனிச்சறுக்கு மலையில்
நாற்காலிகளைத் தூக்கிப்போகும் கம்பிக்கு
அவசரத் தடை போடும் பெட்டி அது.
முதன்முதலில் ஓட்டிப் பார்த்த நாளில்
பூனையைக் கண்ட குருவி போலக் கிறீச்சிட்டதாம்.
கிறீச்சலைச் சரிசெய்ததுதான் கோஸ்-1.
குருவி போனது, பேர் நின்றது.

இடுகுறியா காரணப்பெயரா என்று
நம் இலக்கணக்காரர் கேட்டால்
காரணப்பெயர் என்பேன், காரணம் மூடப்பட்டுவிட்டது.

எச்சரிக்கைப் பெட்டி திறக்கிறது.
பழைய முகவரிகள் தொடர்ந்து வேலை செய்யும்.
பழைய பெயரை வேறெதற்கும் வைக்க இயலாது.
தொடரவா?
அவள் ஒருமுறை ஜன்னலைப் பார்க்கிறாள்,
ஒன்றும் தெரியவில்லை, தொடர்கிறாள்.

நாலாயிரத்து நூற்றிருபத்தேழு வழுக்கள்
பெயர்ந்துகொண்டிருக்கின்றன.
பெயர் என்ற சொல்லுக்குள்ளேயே
நகர்வது இருக்கிறதே தமிழில்.
பெயர்த்தெடுத்தால் வேரோடு கொஞ்சம் மண் வரும்.
இங்கே மண் வரவில்லை,
வேர்தான் கீழே தங்கிவிட்டது:

நிரலில் 340ஆம் வரிக்கு மேலே
டிராகோ ம்லினாரிச் எழுதியிருக்கிறான்,
'கோஸ்-88 முடியும்வரை இதைத் தொடாதே.'
கோஸ்-88 முடிந்து ஒன்பது வருடம்.
டிராகோ இப்போது ஜாக்ரெபில் ஒரு வங்கியில்.
யாரும் தொடவில்லை.
யெர்னேயாவும் தொடவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பச்சைக் கோடு நிறைந்தது.
தேடுபெட்டியில் கோஸ் என்று அடித்தாள்.
மற்றவர்கள் பேச்சுவாக்கில் எழுதியவை மட்டும்
அறுநூற்றுச் சொச்சம் வந்தன.
'கோஸ்-9 பார்', 'கோஸ்-9 மாதிரியே',
'ஐயோ மறுபடி கோஸ்-9.'
அவை வெறும் எழுத்து, இயந்திரத்துக்குப் பெயரில்லை.

திங்கள் காலை ஆறரை.
மலையிலிருந்து லோவ்ரோ பெர்னாட்டின் ஃபோன்.
'ஆயிரத்து முந்நூற்றுப் பத்து வந்துடுச்சு.'
காய்ச்சல் வந்துடுச்சு என்பது போலச் சொன்னான்.
மைனஸ் பதினாலுக்குக் கீழே போனால்
தடைக்கட்டை ஒட்டிக்கொண்டு விடாது.
மூன்றாம் தூணில் பெட்டி மூடியின்மேல்
சிவப்புப் பெயின்ட்டில் எழுதியே வைத்திருக்கிறான்:
கோஸ்-1310, சுத்தியலால் மெதுவாக.

'அது இப்ப ஏபிடி-1310' என்றாள்.
கம்பி காற்றில் உரசுவது கேட்டது.
'இங்க வந்து அழிச்சுட்டுப் போ' என்றான்.
அப்புறம், கோபமில்லாமல்,
'சுத்தியல் அதேதானே?'

'அதேதான்.'

அவன் போனபின்
பழைய முகவரியை, விரல் பழக்கத்தில், அடித்தாள்.
பக்கம் ஒரு கண்சிமிட்டல் தயங்கி
புதிய பெயரில் திறந்தது,
உள்ளே அதே மைனஸ் பதினாலு.

புதிதாக ஒன்றைப் பதிந்தாள்.
ஏபிடி-4128.
மூன்றாம் தூண், பெட்டி மூடி: எழுத்தை மாற்றவும்.
முக்கியத்துவம்: குறைவு.
பொறுப்பு: யாருமில்லை.
கெடு: பனி உருகிய பின்.
பனி என்பதை அடித்துவிட்டு
பெயின்ட் என்று எழுதி
திரும்பவும் பனி என்றே மாற்றினாள்.